அடி விழும், ஆள் சாகமாட்டான்

பாலராமபுரத்தில் ‘அடி’ என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தமிழிலும் அடிதான், மலையாளத்திலும் அடிதான். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி போகிற சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, பாறசாலை தாண்டிக் களியக்காவிளை வருவதற்குள் கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிடும். சாயா டீயாகிவிடும். அடி மட்டும் அடியாகவே இருக்கும்.

இந்த ஊர் உண்டானதே இரண்டு மொழிகளின் சந்திப்பில்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார். குழித்தறியும் பாவும் நூலுமாக அவர்கள் வந்தார்கள். கூடவே தமிழும் வந்தது. வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று இரண்டு நாக்கோடு வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. அப்படி ஒரு பிள்ளை மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்கு முன்பே ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகப் படித்துவிட முடிந்தது. ‘மலையாள மனோரமா’ வார இதழின் கடைசிப் பக்கம் அது. அங்கேதான் போபனும் மோளியும் இருந்தார்கள்.

குட்டநாட்டில் 1929இல் பிறந்த வி. டி. தாமஸ் என்னும் டோம்ஸ் வரைந்த இரட்டைப் பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் தம் வீட்டு வளவுக்குள் புகுந்து குறுக்கே ஓடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவர் இந்த இருவரையும் உண்டாக்கினார். 1957 முதல் அந்த வார இதழில் அவர்கள் வந்தார்கள். கீழ்க்காம்தூக்கு என்றொரு கற்பனைப் பஞ்சாயத்து, அதற்குத் தலைவராக இட்டுண்ணன். பஞ்சாயத்தையே ஆளும் அந்த மனிதர் வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் படாத பாடு படுவார். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு நாய் ஏதாவது ஒரு கட்டத்தில் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மலையாளிகள் இந்த இதழைப் பின்னாலிருந்து முன்னாகப் படிப்பவர்கள் என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. காரணம் அந்தக் கடைசிப் பக்கம்.

எழுத்துத் தெரியாதவனும் சிரிக்கக்கூடிய இந்தப் பக்கம் பத்திரிகைக்குள் எப்படி வந்தது? அதற்கு அறுபது ஆண்டு பின்னால், நியூயார்க்குக்குப் போக வேண்டும்.

1890களின் நியூயார்க் ஒரு பெரிய களியக்காவிளை. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், இத்தாலியர், யூதர் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கிய மக்கள். ஆங்கிலம் பலருக்கு அரைகுறை. ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’, வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் ‘நியூயார்க் ஜர்னல்’ ஆகிய இரண்டு நாளிதழ்களும் இந்த மக்களின் காசுக்காக மோதிக்கொண்டன. வண்ணத்தில் அச்சிட்ட ஞாயிற்றுக்கிழமை இணைப்புதான் அந்தச் சண்டையின் ஆயுதம். ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் சட்டைச் சேரிப் பையன் 1895 முதல் புலிட்சரின் தாளில் வந்தான். அடுத்த ஆண்டே ஹெர்ஸ்ட் அதிகச் சம்பளம் கொடுத்து ஓவியரை இழுத்துக்கொண்டார். 1897 டிசம்பர் 12 அன்று ஹெர்ஸ்டின் தாளில் இன்னும் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஹான்ஸ், ஃபிரிட்ஸ். தொடரின் பெயர் ‘காட்சன்யாமர் கிட்ஸ்’. வரைந்த ருடால்ஃப் டிர்க்ஸ் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். அப்போது அவருக்கு வயது இருபது. ‘காட்சன்யாமர்’ என்றால் பூனைகளின் ஓலம். குடித்தவனுக்கு மறுநாள் காலையில் வரும் தலைவலியையும் ஜெர்மானியர் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பையன்கள் பேசியது ஜெர்மன் கலந்த ஆங்கிலம். இலக்கணம் தெரிந்தவனுக்கு அது கொச்சை. கப்பலில் வந்து இறங்கியவனுக்கோ அது தன் வீட்டுப் பேச்சு.

இந்தக் கலப்பு நமக்குப் புதிதல்ல. தென் திருவிதாங்கூரில் காக்காரிசி நாடகம் என்றொரு நாட்டார் கலை உண்டு. சிவனும் பார்வதியும் கங்கையும் குறி சொல்லித் திரியும் காக்கானாகவும் காக்காத்திகளாகவும் மேடைக்கு வருவார்கள். ஊர்ப் பெரியவரான தம்புரான் கேள்வி கேட்பார். காக்கான் ஏறுக்குமாறாகப் பதில் சொல்வான். பேச்சு தமிழும் மலையாளமும் கலந்த நடை. ஒரு மொழிக்காரன் இன்னொரு மொழிச் சொல்லைத் தப்பாகக் கேட்பதே அங்கே பாதி வேடிக்கை. இரண்டு மொழிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் சொல் வழுக்கும். சொல் வழுக்கும் இடத்தில் ஆள் வழுக்கி விழுவதும் சிரிப்பாகும். நெய்யாற்றங்கரைக்கு ஏட்டில் எழுதாமலே தெரிந்திருந்த இந்தக் கணக்கை நியூயார்க் அச்சு இயந்திரத்தில் ஏற்றியது.

இந்த வகைச் சிரிப்புக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர். அது ஒரு கருவியின் பெயர். பழைய இத்தாலிய நாடகக் கோமாளியின் கையில் ஒரு மட்டை இருக்கும். இரண்டு மெல்லிய பலகைகளை ஒரு முனையில் மட்டும் சேர்த்துக் கட்டியது. லேசாகத் தட்டினாலும் பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் ‘படார்’ என்று ஒலிக்கும். அடி வாங்கியவனுக்கு ஒன்றும் ஆகாது. வலியைக் குறைத்து ஓசையைக் கூட்டுவதுதான் இந்தக் கலையின் முதல் பொறியியல். ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டக்காரர்களும் இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் காலடியில் மரப்பலகைகளை வைத்துக்கொண்டு, பொம்மை அடி வாங்கும்போது ஓங்கி மிதிப்பார்கள். ஆட்டுத்தோல் பொம்மையின் கன்னத்தில் விழும் அறை கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்.

ஆனால் செய்தித்தாளில் ஓசை கிடையாது; அசைவும் கிடையாது. தாளில் நிற்கிற படம் எப்படி அடிக்கும்?

அதற்கு முதல் வழி கோடு. ஜெர்மானிய ஓவியர் வில்ஹெல்ம் புஷ் 1860களிலேயே வேகமாகப் பியானோ வாசிப்பவனுக்குப் பல கைகளும் பல விரல்களும் வரைந்து காட்டியிருந்தார். அமெரிக்கப் படத்தொடர்க்காரர்கள் அதை ஒரு எழுத்துமுறையாகவே வளர்த்தார்கள். ஓடுகிறவனின் குதிகாலுக்குப் பின்னால் புழுதி மேகம். எறிந்த செங்கல்லுக்குப் பின்னால் நீளக் கோடுகள். அடி பட்ட தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். பயந்தவனின் நெற்றியிலிருந்து தெறிக்கும் துளிகள். வசவுக்குப் பதிலாகச் சுழியும் குறியும். பின்னாளில் மார்ட் வாக்கர் என்ற படத்தொடர் ஓவியர் இந்தக் குறிகளுக்கெல்லாம் வேடிக்கைப் பெயர்கள் சூட்டி 1980இல் ஒரு அகராதியே போட்டார். புழுதி மேகம் ‘பிரிஃபிட்’, வியர்வைத் துளி ‘பிளூட்’, வசவுக் குறி ‘கிராலிக்ஸ்’. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனாலும் நட்சத்திரத்தைப் பார்த்ததும் ‘தலையில் நல்லா கிட்டிச்சு’ என்று புரிந்துவிடும்.

இது வெறும் பழக்கம்தானா? நம் மூளையும் உடந்தை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1983இல் ஒரு சோதனை செய்தார். சுவரிலிருந்து குதிப்பது போன்ற ஒரு செயலை நடுவில் நிறுத்திய படத்தை முதலில் காட்டினார். பிறகு அதே செயலின் இன்னொரு கணத்தைக் காட்டி, இதுவும் அதே படமா என்று கேட்டார். இரண்டாவது படம் சற்று முந்தைய கணமாக இருந்தால் ‘வேறு’ என்று சட்டென்று சொல்லிவிட்டார்கள். சற்றுப் பிந்தைய கணமாக இருந்தால் தயங்கினார்கள். கண் பார்த்தது நின்ற படம்தான். மனம் அதற்குள் ஆளை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் ஸோயி கூர்ட்ஸியும் நான்சி கன்விஷரும் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஓய்வாக நிற்கும் விளையாட்டு வீரரின் படத்தைவிட, பாய்ந்துகொண்டிருக்கும் வீரரின் படம் காட்டப்பட்டபோது, அசைவை உணரும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. இரண்டுமே அசையாத படங்கள்தான். ஓங்கிய கையை வரைந்தால் போதும், அதை இறக்கும் வேலையைப் படிப்பவனின் தலை பார்த்துக்கொள்கிறது.

ஆகவே இரண்டாவது வழி இடைவெளி. நல்ல படத்தொடர்க்காரன் அடி விழும் கணத்தைவிட, விழப்போகும் கணத்தையும் விழுந்து முடிந்த கணத்தையும்தான் அக்கறையாக வரைவான். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளைப் பட்டையில் அந்த அடியைக் கொடுப்பது நாம்தான்.

இதைத் துல்லியமான கடிகாரம்போல் செய்து காட்டியவர் வின்சர் மெக்கே. அவருடைய ‘லிட்டில் சாமி ஸ்னீஸ்’ 1904இல் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் ஒரே கதைதான். ஆறு கட்டங்கள். முதல் நான்கில் சாமி என்ற சிறுவனுக்குத் தும்மல் ஏறிக்கொண்டே வரும். சுற்றியுள்ள பெரியவர்கள் எதையும் கவனிக்காமல் தங்கள் காரியத்தில் இருப்பார்கள். ஐந்தாவதில் தும்மல் வெடித்து எல்லாம் சிதறும். ஆறாவதில் பையனுக்கு உதை கிடைக்கும். முடிவு முன்கூட்டியே தெரியும், ஆனாலும் சிரிப்பு வரும். தும்மல் ஏறும் நான்கு கட்டங்களில் நம் மூக்கும் சேர்ந்து அரித்துவிடுகிறதே! 1905 செப்டம்பர் 24 அன்று மெக்கே ஒரு படி மேலே போனார். அந்த வாரத் தும்மலில் சிதறியது படத்தின் சட்டமேதான். உடைந்த கட்டக் கோடுகள் சாமியின் கழுத்தில் மாலைபோல் கிடந்தன.

ஃபிரெட்ரிக் ஓப்பர் வரைந்த ‘ஹாப்பி ஹூலிகன்’ 1900இல் வந்தான். தகர டப்பாவைத் தொப்பியாக வைத்துக்கொண்ட ஒரு ஏழை. யாருக்காவது உதவி செய்யப் போவான், கடைசியில் போலீஸ்காரனின் தடி அவன் தலையில்தான் விழும். அதே ஓப்பரின் ‘மாட்’ என்ற கோவேறு கழுதை 1904 முதல் யாரையாவது உதைத்து வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1907 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பட் ஃபிஷர் தொடங்கிய ‘மட்’ பின்னர் ‘மட் அண்ட் ஜெஃப்’ ஆனது. ஞாயிறு தோறும் விழுந்த அடியை நாள்தோறும் விழும் அடியாக நிலைநிறுத்தியது அதுதான்.

இந்த வரிசையின் உச்சம் ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’. 1910இல் இன்னொரு தொடரின் கீழ் விளிம்பில் ஒரு எலி ஒரு பூனையை அடித்த சிறு வேடிக்கையாகத் தொடங்கி, 1913இல் தனித் தொடராகி, 1944இல் ஹெரிமன் இறக்கும்வரை வந்தது. கதை இவ்வளவுதான்: இக்னட்ஸ் என்ற எலி பூனையின் தலையில் செங்கல்லை எறியும். பூனை அதை அன்பின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும். நாய்ப் போலீஸ்காரர் எலியைச் சிறையில் போடுவார். மூன்று பேரும் மூன்று விதமாகத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரே செங்கல், முப்பது ஆண்டுகள் பறந்தது.

சரி, ஒருவன் தலையில் செங்கல் விழுவதைப் பார்த்து நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் சொல்கிறது. படத்தொடர்களின் ஆட்களை அந்த நான்கு கூடைகளில் போட்டுப் பாருங்கள். ஹான்சும் ஃபிரிட்சும், போபனும் மோளியும் இளமை. செங்கல்லை அன்பென்று எண்ணும் பூனை பேதைமை. உதவப் போய் உதை வாங்கும் ஹூலிகன் மடமை. இட்டுண்ணனின் பஞ்சாயத்துத் தலைமை எள்ளல்.

2010இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். உலகம் இருக்க வேண்டிய விதத்தை ஏதோ ஒன்று மீற வேண்டும். அந்த மீறல் ஆபத்தில்லாதது என்றும் அதே நேரத்தில் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாக மனத்தில் படும்போது சிரிப்பு. மீறல் மட்டும் இருந்தால் பயமோ கோபமோ வரும். ஆபத்தின்மை மட்டும் இருந்தால் கொட்டாவி வரும். சாலையில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் நாம் முதலில் ஓடிப்போய்த் தூக்குகிறோம். அவர் தாமாகவே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அந்த வாழைப்பழத் தோலைத் திட்டும்போதுதான் சிரிக்கிறோம்.

படத்தில் விழுகிறவனுக்கு அந்த உத்தரவாதத்தைக் கொடுப்பது எது? பொம்மை உருவம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காலண்டர் என்பேன்.

ஹான்சும் ஃபிரிட்சும் வில்ஹெல்ம் புஷ் 1865இல் வெளியிட்ட ‘மாக்ஸ் உண்ட் மோரிட்ஸ்’ என்ற படக்கதையின் வாரிசுகள். ஹெர்ஸ்ட் சிறுவயதில் ஐரோப்பாவில் பார்த்துச் சிரித்த நூல் அது. அதில் இரண்டு போக்கிரிப் பையன்கள் ஏழு குறும்புகள் செய்கிறார்கள். ஏழாவது குறும்பின் முடிவில் அவர்களை மாவு மில்லில் போட்டு அரைத்துவிடுகிறார்கள். அரைத்ததை வாத்துகள் தின்றுவிடுகின்றன. கதை முடிந்தது. புத்தகத்துக்கு அது சரி, கடைசிப் பக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தாளுக்கு ஏது கடைசிப் பக்கம்? அடுத்த வாரமும் இதே பையன்களை விற்றாக வேண்டும். ஆகவே டிர்க்ஸின் கையில் மாவு மில் போய்விட்டது. அதன் இடத்தில் முதுகில் நாலு அடி வந்தது. அடுத்த ஞாயிறு வீக்கமும் இல்லை, தழும்பும் இல்லை, குறும்பு முதலிலிருந்து தொடங்கும். அடியிலிருந்து சாவைப் பிடுங்கிப் போட்டது ஓவியரின் இரக்கம் மட்டுமல்ல, வாரம் தவறாமல் வரும் அச்சுத்தாளின் அவசியமும்தான். நாளையும் வர வேண்டியவன் இன்று சாகக் கூடாது.

இதற்கும் நம் எல்லையோரத்தில் சாட்சி உண்டு. 1956 நவம்பர் 1 வரை நெய்யாற்றங்கரையும் நாகர்கோவிலும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. குமரிப் பகுதியில் தோல்பாவைக்கூத்து நடத்தி வந்த கணிகர்களின் வீட்டு மொழி மராட்டி. கூத்தின் மொழி தமிழ். இரவு இரவாக இராமாயணம் நடக்கும். இராமன் காட்டுக்குப் போவான், வாலி சாவான், கும்பகர்ணன் சாவான், இராவணன் சாவான். இடையில் உச்சிக்குடுமி ஆட உச்சிக்குடும்பனும், பெரிய தலையோடு உளுவத்தலையனும் வந்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். காவியத்தின் வீரர்களுக்குக் கதையில் ஒரு சாவு எழுதியிருக்கிறது. இந்த இருவருக்கும் கிடையாது. எந்த இரவானாலும், எந்தக் கதையானாலும் வருவார்கள், வாங்குவார்கள், எழுந்து போவார்கள். தட்டையான உருவம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சதுரம், மறுநாளும் தொடரும் கதை. படத்தொடருக்கு வேண்டிய எல்லாமே அந்தத் திரையில் ஏற்கெனவே இருந்தன.

அப்படிச் சாகாமல் வந்த இன்னொரு தமிழன் சுப்பாண்டி. திருச்சியிலிருந்து பி. வரதராஜன் என்ற வாசகர் எழுதி அனுப்பிய கதைகளிலிருந்து 1983இல் ‘டிங்கிள்’ இதழில் பிறந்தவன். ராம் வாயீர்கர் அவனுக்கு உருவம் கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடியே செய்து முதலாளியிடம் திட்டு வாங்கும் இந்த வேலைக்காரனை எத்தனை முறை விரட்டினாலும் அடுத்த இதழில் எங்காவது வேலைக்குச் சேர்ந்துவிடுவான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லா அடியும் சிரிப்பாகாது. அடி எந்தத் திசையில் விழுகிறது என்பதும் கணக்கு. காக்கானின் குத்துப் பேச்சு தம்புரானை நோக்கிப் போகிறது. ஹான்ஸ், ஃபிரிட்ஸின் வெடி கப்பல் தலைவருக்கும் பள்ளி ஆய்வாளருக்கும் கீழே வெடிக்கிறது. அப்போது சிரிப்பு சிரிப்பாகவே இருக்கும். ஆனால் அதே காலத்து அமெரிக்கத் தாள்களில் கறுப்பின மக்களையும் சீனரையும் உதடும் பல்லுமாக வரைந்து அடி வாங்க வைத்தவையும் ஏராளம். இன்று அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை, கூச்சம்தான் வருகிறது. எல்லையோரத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேரளத்தில் தமிழரைக் குறிக்கும் ‘பாண்டி’ என்ற ஒரு சொல், சொல்பவன் யார், கேட்பவன் யார் என்பதைப் பொறுத்து வேடிக்கையாகவும் இருக்கும், வெட்டாகவும் இருக்கும்.

சாகாத பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி பின்னால் வந்தது. 1912 வாக்கில் டிர்க்ஸ் ஹெர்ஸ்டோடு முறித்துக்கொண்டு புலிட்சரிடம் போனார். வழக்கு நடந்தது. தொடரின் பெயர் ஹெர்ஸ்டுக்கு, அதே ஆட்களை வேறு பெயரில் வரையும் உரிமை டிர்க்ஸுக்கு என்று தீர்ந்தது. ஆகவே பல பத்தாண்டுகள் இரண்டு தாள்களில் இரண்டு கைகள் வரைய, ஒரே ஹான்ஸும் ஃபிரிட்ஸும் ஞாயிறு தோறும் இரண்டு முறை அடி வாங்கினார்கள். 1987இல் மனோரமாவை விட்ட டோம்ஸ் ‘கலாகௌமுதி’யில் போபனையும் மோளியையும் வரையத் தொடங்கினார். அங்கும் வழக்கு. வேலையை விட்ட பிறகு ஓவியர் வரைவதற்குப் பழைய நிறுவனம் உரிமை கொண்டாட முடியாது என்றது கேரள உயர் நீதிமன்றம்.

‘காட்சன்யாமர் கிட்ஸ்’ 2006 வரை வெளிவந்தது. நூற்றெட்டு ஆண்டுகள் அடி வாங்கியும் ஹான்ஸுக்கும் ஃபிரிட்ஸுக்கும் ஒரு தழும்பு இல்லை. டோம்ஸ் 2016 ஏப்ரல் 27 அன்று காலமானார். அவர் வளவுக்குள் குறுக்கே ஓடிய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி எத்தனையோ காலமாகிறது. கடைசிப் பக்கத்துப் போபனும் மோளியும் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை.